வற்றும் குளத்தின் தொல்செடி

ஆண்டில் சில மாதங்கள் நீர் நின்று, எஞ்சிய மாதங்களில் வெடித்த களிமண்ணாகக் கிடக்கும் நிலத்தைப் பருவகால ஈரநிலம் என்பது தாவரவியல் வழக்கு. சோழமண்டலக் கரையை ஒட்டிய சமவெளியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நிரம்பி, மாசி, பங்குனிக்குள் வற்றிவிடும் தாங்கல்கள், குட்டைகள், ஏரி உள்வாயின் மேட்டோரங்கள், வயலோரப் பள்ளங்கள், மேய்ச்சல் தரையில் முழங்காலளவு நீர் தேங்கும் தாழ்வுகள் ஆகிய யாவும் இவ்வகையுள் அடங்கும். இந்நிலங்களுக்கே உரிய தாவரங்களுள் மிகத் தொன்மையான மரபைச் சேர்ந்ததும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் ஐசோயிட்டிஸ் கோரமண்டலினா என்னும் நீர்ச்செடியாகும். அதன் உடலமைப்பையும் மரபையும் வாழ்முறையையும் விளக்கி, அவற்றின் வழியே ஒரு கருத்தை நிறுவ இவ்வுரை முயல்கிறது: இத்தகைய நிலங்களுக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு வறட்சியும் தேவை, ஆகவே அவை வற்றுவதை ஒரு நோயாகக் கருதி ஆழப்படுத்துவது பாதுகாப்பு ஆகாது.

முதற்பார்வையில் இச்செடியைக் கோரைக் குருத்திலிருந்து பிரித்தறிவது எளிதன்று. நீரடிச் சேற்றிலிருந்து கொத்தாக எழும் இலைகள் வெங்காயத்தாளைப் போல உருண்டு நுனியில் கூம்புகின்றன; செழிப்பான இடங்களில் அவை ஒரு சாணைத் தாண்டி நீள்வதுண்டு. இலையைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே நான்கு காற்றறைகள் தெரியும். அவ்வறைகள் இலையின் நீளம் முழுவதும் ஓடி, இடையிடையே மெல்லிய தடுப்புகளால் பிரிக்கப்பட்டிருக்கும். சேற்றோடு பிடுங்கிப் பார்த்தால் ஐயம் முற்றிலும் நீங்கிவிடும். இலைகளின் அடிப்பகுதிகள் வெளிறி அகன்று ஒன்றையொன்று தழுவி நிற்க, அவற்றின் கீழே கந்தம் எனப்படும் தடித்துக் குறுகிய நிலத்தடித் தண்டு மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். மடல்களுக்கு இடைப்பட்ட பள்ளங்களிலிருந்து வேர்கள் புறப்பட்டு, ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகக் கவைத்துக் கிளைக்கும். இக்கந்தம் உள்ளிருந்து புதிய திசுவைச் சேர்த்துப் பருத்துக்கொண்டே போக, முதிர்ந்த வெளித்திசு உரிந்து கழிகிறது. உள்ளிருந்து புதுத்திசு சேர்த்துப் பருப்பது பெரும்பாலும் மரங்களுக்கும் புதர்களுக்கும் உரிய இயல்பு. விரல்நீளம்கூட இல்லாத ஒரு கிழங்கில் அது காணப்படுவதன் காரணம் பின்னர் விளங்கும்.

இச்செடி பூப்பதில்லை, காய்ப்பதில்லை, விதையும் தருவதில்லை. பெரணிகளையும் அவற்றோடு சேர்த்து எண்ணப்படும் பூவா மரபுகளையும் டெரிடோஃபைட்டுகள் என்று பாடநூல்கள் தொகுத்துரைக்கும். ஐசோயிட்டிஸ் அத்தொகுப்பில் ஒன்று. இத்தாவரங்கள் வித்துகளால் பரவுகின்றன. விதை என்பது கருவையும் அதற்கான உணவையும் ஒரு தோலுக்குள் பொதிந்த கட்டமைப்பு. வித்து என்பதோ ஒரே உயிரணு. வித்துகள் உருவாகும் பையை வித்தகம் என்பர். ஐசோயிட்டிஸ் செடியில் ஒவ்வோர் இலையின் அடியிலும், உட்பக்கக் குழிவில், ஒரு வித்தகம் புதைந்திருக்கிறது. அதற்குச் சற்று மேலே சிறுநா எனப்படும் மென்மையான ஒரு மடிப்பு நிற்கிறது. நீரையும் உணவையும் கடத்தும் திசுக்களையுடைய இன்றைய தாவரங்களுள் மிகப் பெரிய வித்தகங்கள் இப்பேரினத்தினுடையவை என்பது குறிப்பிடத்தக்கது. சில வித்தகங்களில் வெறுங்கண்ணுக்கே தெரியும் வெண்ணிற மணிகளாகப் பெருவித்துகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். வேறு சிலவற்றில் தூள்போன்ற நுண்வித்துகள் லட்சக்கணக்கில் நிறைந்திருக்கும். இவ்வாறு அளவிலும் பணியிலும் வேறுபட்ட இருவகை வித்துகளைத் தோற்றுவிக்கும் இயல்புக்கு மாற்றுவித்துத்தன்மை என்று பெயர். பெருவித்தின் உள்ளேயே பெண் தலைமுறையும், நுண்வித்தின் உள்ளேயே ஆண் தலைமுறையும் வளர்கின்றன. ஒரு நுண்வித்து நான்கே விந்தணுக்களை வெளியிடும். பல கசையிழைகளைக் கொண்ட அவ்வணுக்கள் நீரில் நீந்திச் சென்று பெண் தலைமுறையின் அண்டத்தை அடையவேண்டும். சிறிதளவு நீரேனும் இல்லாமல் இக்கருவுறுதல் நிகழாது. கோரமண்டலினா இனத்தின் வித்தகம் எவ்வாறு உருவாகிறது என்பதை ஏகாம்பரம், வேங்கடநாதன் ஆகிய இரு தாவரவியலார் 1933ஆம் ஆண்டிலேயே விரிவாக ஆராய்ந்து இந்தியத் தாவரவியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். அக்காலத்துச் சென்னை மாகாணத் தாவரவியலின் தரத்துக்கு அக்கட்டுரை ஒரு நல்ல சான்று.

இவ்வினத்தின் அறிவியற்பெயரில் சோழமண்டலம் இடம்பெற்ற வரலாறு தரங்கம்பாடியோடு தொடர்புடையது. 1620 முதல் 1845 வரை டென்மார்க்கின் ஆளுகையில் இருந்த அத்துறைமுகத்துக்கு 1768இல் மருத்துவராக வந்துசேர்ந்த யோஹான் கெர்ஹார்ட் கேனிக், சுவீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸின் மாணவர். கேனிக் பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கையியலாராகப் பணியாற்றி 1785இல் மறைந்தார். தென்னிந்தியச் செடிகள் பல ஐரோப்பிய அறிவியலுக்கு அறிமுகமாவதற்கு அவர் அனுப்பிய உலர்மாதிரிகளும் குறிப்புகளுமே வாயிலாக அமைந்தன. தந்தையின் மறைவுக்குப்பின் மகன் லின்னேயஸ் தொகுத்த தாவரப் பிற்சேர்க்கை நூல், 1781 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டு 1782இல் வெளிவந்தது. கேனிக் அனுப்பிய செடிகள் பல இடம்பெற்ற அந்நூலில்தான் ஐசோயிட்டிஸ் கோரமண்டலினா முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஐசோயிட்டிஸ் என்ற பேரினத்தை அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்னர், 1753இல், வட ஐரோப்பாவின் குளிர்ந்த ஏரிகளில் வளரும் ஓர் இனத்தைக்கொண்டு தந்தை லின்னேயஸ் வகுத்திருந்தார். வற்றாத குளிர்நீர் ஏரிச்செடி ஒன்றின் உறவு, ஆண்டுதோறும் காயும் வெப்பமண்டலக் குட்டையிலும் வாழ்வது அந்நாளைய தாவரவியலாருக்கு வியப்பளித்திருக்க வேண்டும்.

இன்று இப்பேரினத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அதன் குடும்பத்தில் மட்டுமன்றி, அதன் வரிசையிலும் உயிரோடு எஞ்சியிருக்கும் பேரினம் அது ஒன்றே. அது லைக்கோஃபைட்டுகள் என்ற பெருங்கிளையைச் சேர்ந்தது. நீரையும் உணவையும் கடத்தும் திசுக்களையுடைய தாவரங்களின் மரபு மிகத் தொடக்கத்தில், 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், இரண்டாகப் பிரிந்தபோது ஒரு பக்கம் லைக்கோஃபைட்டுகளும், மறுபக்கம் பெரணிகள், ஊசியிலை மரங்கள், பூக்குந் தாவரங்கள் ஆகிய பிற யாவும் சென்றன. ஆகவே ஐசோயிட்டிஸைப் பெரணியின் உறவு என்று சொல்வது பழக்கத்தால் வந்த வழக்கே. மரபுவழி நோக்கினால், பெரணிக்கு ஐசோயிட்டிஸைவிட மாமரம் நெருங்கிய உறவு.

சுமார் 36 கோடி முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கார்பானிஃபெரஸ் காலத்தில் இம்மரபினர் மரங்களாக ஓங்கியிருந்தனர். லெப்பிடோடெண்ட்ரான் முதலியவை 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் சதுப்புக் காடுகளாக நிறைந்திருந்து, புதைந்து, அக்கண்டங்களின் நிலக்கரியாயின. அம்மரங்களின் வேர்களைப் புதைபடிவங்களில் ஆராய்ந்தவர்கள், சிற்றுருவான ஐசோயிட்டிஸின் வேர்களிலும் அதே கட்டமைப்பைக் கண்டனர்: நடுவே பெருங்குழிவு, அதன் ஒருபக்கச் சுவரை ஒட்டி ஒற்றைக் கடத்துதிசுக் கற்றை, இரண்டிரண்டாகக் கவைக்கும் கிளைப்பு. முன்னர்க் குறிப்பிட்ட கந்தத்தின் பருத்தலும் மர உறவினரின் பழைய இயல்பே. இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்துவது நன்று. இந்திய நிலக்கரியையும் இம்மரங்களின் எச்சமாகச் சிலர் எழுதிவிடுகின்றனர், அது தவறு. ஜாரியா, ராணிகஞ்ச் முதலிய சுரங்கங்களின் நிலக்கரி அதற்கடுத்த பெர்மியன் காலத்தில் குளோசோப்டெரிஸ் என்ற வேறொரு மரபினால் ஆனது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியோ அதற்கும் மிகப் பிற்பட்டது.

மரங்களான உறவினர் அழிந்தபின்னும் இம்மரபு தொடர்ந்தது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பேரழிவுக்குப்பின் வெறுமையான நிலங்களில் பிளூரோமியா என்ற, ஆளுயரம் வளர்ந்த ஓர் உறவு பரவியிருந்ததைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. ஓங்கிய மரம் படிப்படியாகக் குறுகிக் குறுகி ஐசோயிட்டிஸ் ஆனது என்று 20ஆம் நூற்றாண்டின் பாடநூல்கள் வரிசைப்படம் வரைந்து காட்டின. நேர்த்தியான அப்படம் இன்று அவ்வளவாக ஏற்கப்படுவதில்லை. மரவடிவினரும் குறுவடிவினரும் ஒரே காலத்தில் அருகருகே வாழ்ந்த தனித்தனிக் கிளைகள் என்ற கருத்தே வலுப்பெற்று வருகிறது. அவ்வாறே, உயிருள்ள புதைபடிவம் என்ற அடைமொழியையும் எச்சரிக்கையோடு கையாளவேண்டும். ஐசோயிட்டிஸின் உடலமைப்பு பழையது என்பது உண்மை. ஆனால் அதன் இனங்கள் இன்றும் தம்முள் கலந்தும், நிறப்புரிகளை, அதாவது மரபுச் செய்தியைத் தாங்கும் குரோமோசோம்களை, மடங்காகப் பெருக்கியும் புதிய இனங்களைத் தோற்றுவித்து வருகின்றன. இப்பேரினத்தின் அடிப்படை எண் 11. 1958இல் ஆபிரகாம், நைனான் ஆகிய தாவரவியலார் கோரமண்டலினா செடியின் உயிரணுக்களில் 33 குரோமோசோம்களை எண்ணினர். அதாவது அச்செடிகள் மும்மடங்கினை உடையவை. உறங்கிக் கிடக்கும் மரபில் இத்தகைய மாற்றங்களை எதிர்பார்க்க முடியாது.

இந்தியாவில் பிற இனங்களும் உள்ளன. பெங்களூரின் தாவரவியற் பேராசிரியர் சம்பத்குமாரன் பெயரால் 1944இல் ஓர் இனமும், மகாராஷ்டிரத்தின் பஞ்சகனி மேட்டுநிலத்திலிருந்து 1945இல் மற்றோர் இனமும் விவரிக்கப்பட்டன. 1962இல் அலகாபாதின் தாவரவியலார் பந்த் என்பவரும் அவர்தம் மாணவர் ஸ்ரீவாஸ்தவாவும் இந்திய ஐசோயிட்டிஸ்களை ஒருங்கே ஆராய்ந்தனர். இவ்வினங்களை இலைகொண்டு பிரித்தறிய இயலாது. பெருவித்தின் மேற்பரப்பில் உள்ள புடைப்புகளும் வரிகளுமே முதன்மைச் சான்று. இவற்றுள் பல, மேற்குத்தொடர்ச்சி மலையின் செம்பூராங்கல் மேட்டுநிலங்களில் மழைக்காலத்தில் மட்டும் ஈரமாகும் மெல்லிய மண்படலத்தில் வாழ்கின்றன. கோரமண்டலினாவின் பரப்பு மிக அகன்றது: இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா எனச் சென்று, ஒரு துணையினமாக ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை அது எட்டுகிறது.

இச்செடியின் வாழ்முறையில் மிகுந்த சுவையுடைய பகுதி அதன் மூச்சுமுறையாகும். அதை விளக்க மீண்டும் தரங்கம்பாடிக்கே திரும்பவேண்டியுள்ளது. கேனிக்குக்குப் பின்வந்த தலைமுறையில், மொராவியச் சமயக்குழுவினரோடு தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கம்பெனியின் தாவரவியலாரானவர் பெஞ்சமின் ஹைனே. சென்னையிலேயே 1819இல் காலமான அவர், ரணகள்ளிச் செடியின் இலையை விடியலில் மென்றால் கடும்புளிப்பாகவும், உச்சிவேளையில் சுவையற்றும், மாலையில் சற்றே கசந்தும் இருப்பதைக் கண்டு இலண்டன் லின்னேயன் சங்கத்துக்கு எழுதினார். அக்கடிதம் 1815இல் அச்சேறியது. இன்று எவரும் தம் வீட்டுத் தொட்டியில் சோதித்துப் பார்க்கக்கூடிய இவ்வுண்மையின் பொருள் ஒரு நூற்றாண்டுக்கும் பின்னரே முழுமையாக விளங்கிற்று. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் வறண்ட காற்றில் நீரிழப்பு மிகும் ஆதலால், ரணகள்ளி, கள்ளி, கற்றாழை முதலியவை இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கி, மாலிக் அமிலமாகச் சேமித்து வைக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அவ்வமிலத்தைச் சிதைத்து, வெளிப்படும் வாயுவைக் கொண்டு சூரியவொளியில் உணவு ஆக்குகின்றன. இரவெல்லாம் சேர்ந்த அமிலமே விடியற்காலைப் புளிப்பு. ரணகள்ளியின் குடும்பப்பெயரை ஒட்டி, இம்முறை கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம் எனப்படுகிறது. நீரைச் சிக்கனப்படுத்தும் பாலைநிலத் தந்திரம் என்றே அது நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றிருந்தது.

1981இல் ஜான் கீலி என்ற அமெரிக்க ஆய்வாளர் கலிபோர்னியாவின் பருவகாலக் குட்டைகளில் வளரும் ஐசோயிட்டிஸ் ஹோவெல்லியை ஆராய்ந்தபோது, நீருக்குள் மூழ்கிய அவ்விலைகளிலும் அதே இரவு அமிலம் பெருகிக் குறைவதைக் கண்டார். நீரில் மூழ்கிய செடிக்கு நீர்ச்சிக்கனம் எதற்கு என்ற கேள்விக்கு விடை குட்டையின் வேதியியலில் இருந்தது. கரியமில வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பதினாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆழமற்று, வெதுவெதுப்பாக, பாசியும் நீர்ச்செடியும் நெருங்கிய குட்டையில், பொழுது ஏறியதும் எல்லாச் செடிகளும் ஒருசேர ஒளிச்சேர்க்கையைத் தொடங்குவதால், நண்பகலுக்குள் நீரிலுள்ள கரியமில வாயு பெரும்பாலும் தீர்ந்துபோய், நீரின் காரத்தன்மை உயர்ந்துவிடுகிறது. இரவில் செடி, பூச்சி, மீன்குஞ்சு, சேற்றுநுண்ணுயிர் ஆகிய அனைத்தும் மூச்சுவிடுவதால் அவ்வாயு மீண்டும் பெருகுகிறது. ஐசோயிட்டிஸ் பகற்போட்டியிலிருந்து விலகி, மற்றவை பயன்படுத்தாத இரவுநேர வாயுவை அமிலமாக்கி வைத்துக்கொள்கிறது. பாலைச்செடியில் நீரைக் காக்கும் அதே முறை இங்கே கரியைத் திரட்டப் பயன்படுகிறது. குட்டை வற்றி இலைகள் காற்றுக்கு வெளிப்பட்டதும் அவ்விலைகளில் இரவு அமிலம் நின்றுவிடுகிறது என்பதையும் கீலி காட்டினார். காற்றில் கரியமில வாயுவுக்குப் பஞ்சம் இல்லாதபோது அம்முறை தேவையற்றதாகிறது. 1984இல் அவரும் உடன் ஆய்ந்தவர்களும் பெரு நாட்டின் ஆண்டிஸ் உயர்நிலத்து ஐசோயிட்டிஸ் ஒன்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வு மேலும் வியப்பானது: நிலத்தில் வளர்ந்தும் இலைத்துளையே இல்லாத அச்செடி, ஒளிச்சேர்க்கைக்கான கரியமில வாயுவை வேர்வழியாகச் சேற்றிலிருந்தே பெறுகிறது. தைவானின் ஒரே குளத்தில் வாழும் ஐசோயிட்டிஸ் இனத்தின் முழு மரபணுத்தொகுதி 2021இல் வெளியிடப்பட்டபோது, நீரடி அமிலமுறைக்கும் நிலத்து அமிலமுறைக்கும் இடையே சில நொதிகளிலும் நாள்ஒழுங்கிலும் வேறுபாடுகள் இருப்பது தெரியவந்தது. ஆகவே ஒரே விடையை இரு மரபுகள் தனித்தனி வழியில் அடைந்தன எனக் கொள்ளலாம்.

இம்மூச்சுமுறை முழுவதும் நீர் ஆழமற்றிருப்பதையே நம்பி நிற்கிறது. ஆழமற்ற தெளிநீரில்தான் அடித்தரைச் செடிக்கு ஒளி எட்டும். சேற்றிலிருந்து எழும் கரியமில வாயு இலைக்கு அருகிலேயே கிடைக்கும். நீர் வற்றுவதும் அதே அளவு இன்றியமையாதது. ஆண்டு முழுவதும் நீர் நிற்குமானால் ஆகாயத்தாமரையும் சம்பும் நெருங்கி ஒளியை மறைத்துவிடும். ஆண்டு முழுவதும் காய்ந்து கிடக்குமானால் புல்லும் சீமைக்கருவேலும் தரையைப் பிடித்துக்கொள்ளும். நனைதலையும் காய்தலையும் ஒருங்கே தாங்கவல்ல சிலவற்றுக்கே இவ்விடம் நிலைக்கும். நீர் குறையக் குறைய இலைகள் சாய்ந்து அழுகி, வித்தகங்கள் சேற்றில் சிதைந்து, வித்துகள் மண்ணோடு கலக்கின்றன; கந்தம் காய்ந்த களிமண்ணுக்குள் உறங்கி, அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்க்கிறது.

இவ்வாழ்க்கை ஐசோயிட்டிஸுக்கு மட்டும் உரியதன்று. குளம் வற்றியதும் பறந்துபோகும் பறவைகளையும், வற்றியபின்னும் அங்கேயே தங்கும் கொட்டி, ஆம்பல், நெய்தல் ஆகியவற்றையும் காட்டி உறவின் இயல்பைச் சொல்லும் மூதுரைப் பாடலைத் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பர். அப்பாடலில் அறநெறி மட்டுமே கற்பிக்கப்படுகிறது; அதில் உள்ள தாவர அறிவை எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. கொட்டியின் கிழங்கு காய்ந்த சேற்றுக்குள் உயிரோடு கிடக்கும் என்பதைப் பாடியவர் நேரிற் கண்டிருக்க வேண்டும். அதே குட்டைகளில் வளரும் ஆரைக்கீரையும், கீரை என்று பெயர்பெற்றாலும், பூவா மரபினதே. அதுவும் இருவகை வித்துகளைத் தோற்றுவிக்கிறது. அவ்வித்துகளைப் பொதிந்த கடினமான காய்போன்ற உறைகள், உலர்தாவரச் சேகரிப்பில் நூறு ஆண்டுகள் கிடந்தபின்னும் நீரில் இட்டதும் முளைத்திருக்கின்றன. நத்தை, தவளை, சிற்றிறால் வகைகள் எனச் சேற்றுக்குள் வறட்சியைக் கழிக்கும் விலங்குகளும் பல.

ஆதலால் பருவகால ஈரநிலத்தின் செல்வம் நீரில் இருப்பதைவிட மேற்சேற்றில் மிகுதியாக இருக்கிறது. ஒரு குட்டையோரத்தில் மூன்று கரண்டி சேறெடுத்து ஆறு மாதம் மூடிவைத்த டார்வின், அதிலிருந்து முளைத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணி 537 என்று தமது உயிரினத் தோற்ற நூலில் பதிவுசெய்தார். அவர் எண்ணியவை பெரும்பாலும் விதைச்செடிகளே ஆயினும், வித்துச்செடிகளுக்கும் அக்கருத்து பொருந்தும். மாட்டின் குளம்பிலும் நீர்ப்பறவையின் காலிலும் ஒட்டிச்செல்லும் இத்தகைய சேறே குட்டைக்குக் குட்டை உயிர்களைப் பரப்பும் வழியாகக் கருதப்படுகிறது.

இவ்வுண்மைகளின் வெளிச்சத்தில் இந்நிலங்களுக்கு உள்ள சட்டநிலையைக் காண்பது வருத்தம் தருகிறது. விண்வெளித் துறையினர் தயாரித்து 2011இல் வெளியான தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பு, 2.25 எக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களாக 2,01,503 இடங்களை வரைந்தது. அதற்குக் குறைந்த 5,55,557 இடங்கள் வரைபடத்தில் வெறும் புள்ளிகளாகவே குறிக்கப்பட்டன. 2017இல் உச்ச நீதிமன்றம் பாதுகாக்க ஆணையிட்டது முதற்சொன்ன 2,01,503 இடங்களையே. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த ஈரநில விதிகள், நெல்வயல்களையும், பாசனத்துக்கென மனிதர் வெட்டிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. சுமார் 39,000 ஏரிகளைக் கொண்ட தமிழ்நாட்டில் இவ்விலக்கு எவ்வளவு பெரியது என்பதை விளக்க வேண்டியதில்லை. மற்றொரு முரண்பாடும் உண்டு: மத்திய அரசின் தரிசுநில வரைபடத் தொகுப்பில், பருவகாலத்தில் நீர் தேங்கும் சதுப்புநிலம் என்பது பயனற்ற நிலவகைகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. ஐரோப்பிய ஒன்றியமோ 1992ஆம் ஆண்டு வாழிட ஆணையிலேயே மத்தியதரைக்கடற் பகுதியின் தற்காலிகக் குட்டைகளை முன்னுரிமைப் பாதுகாப்புக்குரிய வாழிடமாக அறிவித்தது. அக்குட்டைகளை இனங்காண உதவும் அடையாளச் செடிகளுள் ஐசோயிட்டிஸ் இனங்களும் அடங்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கருங்கற்பாறைகளின் மழைக்குழிகளில் வாழும் இரு ஐசோயிட்டிஸ் இனங்கள் 1988 முதல் அழியும் நிலை உயிரிகளாகச் சட்டக்காப்பு பெற்றுள்ளன.

சட்டத்தின் பாராமுகத்தைவிட இன்று கவலை தருவது நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தூர்வாரலாகும். ஏரிச்சேற்றைக் கோடையில் வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு எருவாகக் கொண்டுசெல்வது தமிழக உழவரின் தொன்றுதொட்ட வழக்கம்; மண்வெட்டியாலும் கூடையாலும் செய்த அவ்வேலை ஒவ்வோராண்டும் ஏரியின் ஒரு மூலையையே தொட்டது; எஞ்சிய பகுதியின் மேற்சேறு அப்படியே இருந்தது. பொக்லைன் இயந்திரம் சில நாட்களில் உள்வாய் முழுவதையும் சுரண்டி, சரிவான கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டி, ஏரியைக் கிண்ணம்போல் ஆக்கிவிடுகிறது. கொள்ளளவு கூடுகிறது என்பது மறுக்கவியலாத நன்மை. குடிநீருக்கும் பாசனத்துக்கும் நீர் தேவைப்படும் ஊரில் அதை எதிர்ப்பது நியாயமும் ஆகாது. ஆனால் கந்தமும் வித்தும் கிடந்த அரையடி மேற்சேறு லாரியில் போய்விட்டால், அடுத்த மழைக்கு நிரம்பும் நீரில் துளிர்க்க எதுவும் மிஞ்சாது. இத்தாலியின் வடமேற்கில் நெல்வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் கால்வாய்களில் மட்டும் வாழும் ஐசோயிட்டிஸ் மாலின்வெர்னியானா இதற்கொரு முன்னெச்சரிக்கை. கைக்கருவிகளால் கால்வாயைத் துப்புரவு செய்த காலத்தில் உழவரோடு உடன்வாழ்ந்த அச்செடி, இயந்திரத் துப்புரவும் மாசுபட்ட நீரும் வந்தபின் அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு, இன்று மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

கோரமண்டலினா இன்று அத்தகைய பட்டியலில் முன்னிற்கும் இனமன்று. பரந்து வாழும் செடி என்பதே அதற்குப் பாதகமாகவும் அமைகிறது. பரந்து வாழ்வதாகக் கருதப்படும் ஒன்று ஓர் ஊரில் மறைந்தால் எவரும் பதிவுசெய்வதில்லை. தமிழ்நாட்டின் பெரணி ஆய்வு மலைகளை நோக்கியே வளர்ந்தது என்பதும் இதற்கொரு காரணம். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கமும் இருதயராஜும் 1992இல் வெளியிட்ட தென்னிந்திய மேற்குத்தொடர்ச்சி மலைப் பெரணித் தொகுதி போன்ற உழைப்பு, சமவெளிக் குட்டைகளுக்கு இன்னும் வாய்க்கவில்லை. கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் சுற்றுலாப் பேருந்தில் சென்று பெரணி சேகரிக்கும் கல்லூரி மாணவர்கள், தம் கல்லூரிக்குப் பின்புறமுள்ள தாங்கலில் அதனினும் தொன்மையான மரபு ஒன்று சேற்றில் நிற்கக்கூடும் என்று அறியாமலே பட்டம் பெறுகின்றனர்.

செய்யவேண்டியவை பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. ஏரி, குளம் தூர்வாரும் மதிப்பீடுகளில் உள்வாயின் ஆழமற்ற ஓரத்தில் ஒரு பகுதியைத் தொடாது விடும்படி ஒரு வரி சேர்த்தல் வேண்டும். கரையை வெட்டும்போது சரிவைச் சரிவாகவே விட்டுவைத்தல் வேண்டும். சுரண்டும் மேற்சேற்றில் சிறிதளவையேனும் அதே நீர்நிலையின் ஓரத்தில் மீண்டும் பரப்புதல் வேண்டும். கல்லூரித் தாவரவியல் துறைகள் தை, மாசி மாதங்களில் தத்தம் வட்டாரத்துக் குட்டைகளுக்குச் சென்று, நான்கு காற்றறையுடைய இலையும் மூன்று மடல் கந்தமும் உடைய இச்செடி எங்கெங்கே உள்ளது என்பதைப் பெருவித்துகளோடு பதிவுசெய்து, உலர்மாதிரிகளைக் கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தின் தென்மண்டலச் சேகரிப்பில் சேர்க்குமாறு இவ்வுரை வேண்டுகிறது. பங்குனிக்குப்பின் சென்றால் இலை எதுவும் எஞ்சியிராது.